நீலனுக்கு ஒரு குடம் பழைய தண்ணி

அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். வருகிற அன்று அவனியாபுரத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதுமே, மிச்சமிருக்கும் பழைய தண்ணீரை எல்லாம் வாசலில் கொட்டிவிடுவார்கள். குடத்தைப் புளி போட்டு விளக்கி, புதுத்தண்ணீர் பிடித்து வைத்த பிறகுதான் காப்பித்தண்ணியே. பழைய தண்ணீர் இருக்கும் வீடு சோம்பேறி வீடு. இந்த விஷயத்தில் முத்துத்தாயை மிஞ்ச ஆள் கிடையாது. எதிர்வீட்டுச் சின்னத்தாய் மட்டும் மிஞ்சப் பார்ப்பாள்.

திவ்யா தை மாதம் முத்துத்தாய்க்கு மருமகளாக வந்தபோது, ஒரு கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் வந்தாள். அதில் ஒரே ஒரு மீன். கருநீலம். வால் விரிந்தால் பட்டுப்பாவாடை சுற்றுகிற மாதிரி இருக்கும். பேட்டா மீன் என்றாள் திவ்யா. சண்டை மீன் என்றது தெரு. அதற்கு நீலன் என்று பெயர்.

"ஏத்தா, கடையில இதை டம்ளர்லதான வச்சு விக்கிறாய்ங்க? இங்க எதுக்கு இம்புட்டுப் பெரிய பங்களா?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"டம்ளர்ல உசுரோட கெடக்கும் அத்தை, அம்புட்டுதான். நீங்க பஸ்ஸுல நின்னுக்கிட்டே கொட்டாம்பட்டி வரைக்கும் போவீங்க. அதுக்காக பஸ்ஸுலயே குடியிருப்பீங்களா?"

"ஒத்தையில கெடக்கே. இன்னொன்னு வாங்கி விட வேண்டியதுதான?"

"இன்னொரு ஆம்பள மீனை விட்டா ரெண்டும் கடிச்சுக்கிட்டுச் செத்துரும்."

"அப்ப நம்ம பங்காளிக மாதிரின்னு சொல்லு."

மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்த பேச்சு இதுவரை அது ஒன்றுதான். மற்றபடி சோறு, குழம்பு, வேலைக்கு வாரேன் போறேன், அவ்வளவோடு சரி. தொட்டியில் திவ்யா போட்டு வைத்த வாதாமர இலைதான் முத்துத்தாயின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இலை ஊறி ஊறித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. அதுதான் மீனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? போதாக்குறைக்குக் குளியலறைப் பக்கம் ஒரு வாளியில் குழாய்த் தண்ணீரைத் திறந்தே வைத்திருப்பாள். பிளீச்சிங் பவுடர் வாசம் போக இரண்டு நாள் ஆகட்டும் என்று காத்திருந்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தொட்டிக்கு மாற்றுவாள்.

"தண்ணி நல்லா இருந்தாப் போதும் அத்தை. அவனுக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று ஒருநாள் போகிற போக்கில் சொல்லியிருந்தாள்.

அந்தச் சொல்லை முத்துத்தாய் மனதில் வைத்துக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. கண்ணாடிக்கடையில் பில் போடும் வேலை முடிந்து திவ்யா மதியமே வீடு திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே தொட்டி பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி மின்னியது. இலை இல்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பக்கத்தில் முத்துத்தாய், முட்டி வரை நனைந்த சேலையோடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"எப்படி இருக்கு? உன் மீனுக்கு ரெண்டு குடம் நல்ல தண்ணி ஊத்திருக்கேன். காலையில வந்தது, பச்சத்தண்ணி. நமக்கே பத்தாது, இருந்தாலும் போகுதுன்னு ஊத்துனேன்."

நீலன் அடியில் கிடந்தான். வால் ஒட்டிப்போய் நனைந்த நூல் மாதிரி தொங்கியது. திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றைக் கவ்வினான், மறுபடி அடியில் விழுந்தான். செவுள் இரத்தமாகச் சிவந்திருந்தது. தொட்டி மூடியைத் திறந்ததும் பிளீச்சிங் வாசம் மூக்கில் ஏறியது.

"அத்தை, அந்த வாளித் தண்ணி?"

"அதையா? கொசு முட்டை வைக்கும்னு காலையிலேயே கொட்டிட்டேன்."

திவ்யா திட்டத்தான் நிமிர்ந்தாள். ஈரச் சேலையைப் பார்த்தாள். இந்த வீட்டில் விருந்தாளிக்குக்கூட ஒரு செம்புதான் நல்ல தண்ணீர். தன் மீனுக்கோ இரண்டு குடம்.

"அத்தை, தண்ணியில மருந்து கூடிப்போச்சு. அவனுக்கு மூச்சு எரியுது. பழைய தண்ணி வேணும், இப்பவே."

முத்துத்தாயின் சிரிப்பு அப்படியே நின்றது. "நானா கொன்னுட்டேன்?"

"இன்னும் சாகல அத்தை. தண்ணி கெடைச்சா பொழச்சுக்குவான்."

மருந்தை முறிக்கிற சொட்டுப் பாட்டில் தீர்ந்து போயிருந்தது. கணவன் அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். தேங்காய் லோடு இறக்கக் கொட்டாம்பட்டி போயிருந்தான். "வாங்கிட்டு வாரேன்டி, ஆனா பொழுது சாஞ்சுரும்" என்றான். வீட்டு போர்வெல் சித்திரையோடு வற்றிவிட்டது. கேன் தண்ணீர் வாங்குவதை முத்துத்தாய் கௌரவக் குறைச்சலாக நினைத்ததால் அதுவும் இல்லை. இருந்த பானை, அண்டா, செம்பு எல்லாவற்றிலும் காலையில் பிடித்த புதுத்தண்ணீர்.

திவ்யா டம்ளரில் மொண்டு டீ ஆற்றுவது மாதிரி ஆற்றத் தொடங்கினாள். கொஞ்சமாவது வாசம் போகட்டும் என்றுதான். முத்துத்தாய் ஒரு நொடி பார்த்தாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்தாள், தெருவில் இறங்கிவிட்டாள்.

"ஏய், யாரு வீட்டுலடி பழைய தண்ணி இருக்கு?"

தெருவே வாசலுக்கு வந்தது.

"எங்க வீட்டுலயா? விடியக்காலமே கொட்டியாச்சுக்கா."

"எங்கள என்ன அப்படியா நெனச்சீங்க?"

கடைசி வீட்டு உக்கிரபாண்டி கல்யாணமாகாத ஆள், பாத்திரமே கழுவாதவன் என்று பெயர். அவன் வீட்டுக் கதவையும் தட்டினாள். "போன தடவையும் தண்ணியே பிடிக்கலக்கா, தூங்கிட்டேன்" என்று கண்ணைக் கசக்கினான்.

"பழைய தண்ணி தேடுற முத்துத்தாய இன்னைக்குத்தான் பாக்குறோம்" என்று எவளோ சிரித்தாள். முத்துத்தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டில் போய் நின்றாள்.

"மதினி, உன்கிட்ட இருக்கா?"

"என்கிட்டயா?" என்று சின்னத்தாய் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "நாந்தான் மொத ஆளாக் கொட்டுவேன்னு ஊருக்கே தெரியுமே!"

"தெரியும். இருந்தாலும் கேக்குறேன். நானே என் கையால அந்தப் பிள்ள மீனுக்கு வெசத்த ஊத்திட்டேன், மதினி." இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கினாள். "பொறந்த வீட்டுலருந்து அவ ஆசையாக் கொண்டாந்த உசுரு அது ஒண்ணுதான்."

சின்னத்தாய் இடமும் வலமும் பார்த்தாள். முத்துத்தாயின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அடுப்படி மூலையில், சாக்குக்குப் பின்னால், தட்டுப் போட்டு மூடிய இரண்டு குடம்.

"போன தடவ பிடிச்சது. மூட்டு விட்டுப்போச்சு, முத்து. குடம் தூக்க முடியல. வாசல்ல ஒரு செம்பு ஊத்திச் சத்தம் மட்டும் காட்டுவேன். வெளிய சொல்லிராத."

"யாரு சொல்லப் போறா? நகரு, நானே என் குடத்துல ஊத்திக்கிறேன்."

முந்தானையால் மூடிக் கொண்டுவந்த குடத்துத் தண்ணீரைத் திவ்யா முகர்ந்து பார்த்தாள். வாசமே இல்லை. அகலமான சட்டியில் ஊற்றி, டம்ளரால் நீலனைப் பதமாக மொண்டு விட்டாள். பின்கட்டில் எறிந்திருந்த வாதாமர இலையை முத்துத்தாயே பொறுக்கி, கழுவி, "இதையும் போடணும்ல?" என்று கேட்டுப் போட்டாள். குதித்துவிடாமல் சட்டிமேல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"திட்டிரு தாயி. வாயத் தெறந்து திட்டிட்டா எனக்கு நல்லாருக்கும்."

"எதுக்குத் திட்டணும்? எங்கம்மாகூட அவனுக்கு ரெண்டு குடம் ஊத்துனதில்ல."

அருள்பாண்டி பாட்டிலோடு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். "என்ன, ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்திருக்கீங்க?" என்றான். துணிக்கடியில் நீலன் மெதுவாக ஒரு சுற்று சுற்றினான். வால் முழுசாக விரியவில்லை. பாதி விரிந்தது.

அடுத்த முறை தண்ணீர் வந்த காலை, தெருவெல்லாம் பழைய தண்ணீர் ஓடியது. முத்துத்தாய் ஒரு குடத்தை மட்டும் கொட்டாமல், வாயில் துணி கட்டி, எல்லோரும் பார்க்க வாசல்படியிலேயே வைத்தாள்.

"என்னக்கா, சோம்பேறி ஆயிட்டீங்களா?"

"அது எங்க நீலனுக்கு." எதிர்வீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "ஏ மதினி! உன் வீட்டுலயும் ரெண்டு குடம் கொட்டாம வையி. என் மருமக வந்து எடுத்துக்கிருவா. புதுத்தண்ணியையும் அவளே பிடிச்சு வப்பா. நீ குடத்தத் தொடாத, சொல்லிட்டேன்!"

சின்னத்தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உன் மீனுக்காகச் செய்யிறேன், போ" என்றாள்.

திவ்யா இடுப்பில் குடத்தோடு தெருவைக் கடந்தாள்.