கேட் வரைக்கும் டிரைவர்

எனக்கு ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. விழுப்புரத்தில் முதலாளி அப்பாதுரையின் பஸ்களைத் தினமும் கழுவி, டீசல் போட்டு, ஷெட்டுக்குள்ளிருந்து கேட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறவள் நான்தான். கேட்டுக்கு வெளியே ஓட்ட ஆம்பளை வேண்டுமாம். "பொம்பள ஓட்டுனா ஜனம் ஏறாது அம்சா" என்பார். ஜனத்தைக் கேட்டுப் பார்த்தவர் மாதிரிதான் சொல்வார்.

போன வருஷம் ஒரு சினிமாவுக்கு எங்கள் பஸ்ஸைக் கேட்டு வந்தார்கள். பஸ் டிரைவராகப் போராடி ஜெயிக்கிற பெண்ணின் கதை. கதாநாயகிக்கு கியர் போட வரவில்லை. அதனால் தூரத்திலிருந்து எடுத்த காட்சிகளுக்கெல்லாம் அவருடைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் ஓட்டினேன்.

படம் வந்ததும் முதலாளி எங்கள் எல்லோரையும் தியேட்டருக்கு அழைத்துப்போனார். பாலத்தின் மேல் பஸ் வேகமெடுக்கும்போது விசில் பறந்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓட்டியது யாரென்று அவருக்குத் தெரியும். கல்லும் கரையும் என்பது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாளில் கூப்பிட்டார். "மகளிர் தினத்துக்கு திண்டிவனம் ட்ரிப்பு நீ எடும்மா."

அன்றைக்கு பஸ்ஸுக்கு மாலை போட்டு, முன்னால் கதாநாயகி படம் வைத்த பேனர் கட்டியிருந்தார்கள். வழக்கமாக ஓட்டும் ரஞ்சித் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். விக்கிரவாண்டி தாண்டியதும் டாப் கியருக்கு மாற்றினேன். கூட்டேரிப்பட்டில் கைக்குழந்தையோடு ஏறிய பெண் கேட்டாள்: "இனிமே தெனமும் நீதான் ஓட்டுவியாக்கா?"

"ஆமாம்மா, நான்தான்" என்றேன். முந்திரிக்கொட்டை மாதிரி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

திண்டிவனம் ஸ்டாண்டில் முதலாளி போட்டோக்காரரோடு காத்திருந்தார். படம் எடுத்து முடித்ததும் கையை நீட்டினார். "சாவிய ரஞ்சித்துகிட்ட குடும்மா."

"திரும்பிப் போறதும் நான்தானுங்களே?"

"அதான் ஆசைக்கு ஒரு தபா ஓட்டிட்டியே."

"ஜனம் நிக்க எடமில்லாம ஏறிச்சுதுங்களே."

"இன்னிக்கு வேடிக்கை பாக்க ஏறிச்சு. நாளைக்கு ஏறுமா?"

படத்தில் இந்த இடத்தில் கதாநாயகி நீளமாக வசனம் பேசுவார். நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

ரஞ்சித் ஏறி வண்டியைக் கிளப்பினான். பின்னால் இரண்டு பஸ் நெருக்கிக்கொண்டு நின்றது. முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"யக்கா, எடமே இல்ல. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக் குடேன். ஜல்தி, டைம் ஆவுது."

முதலாளியும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஏறி உட்கார்ந்து, எங்கேயும் இடிக்காமல் பின்னால் எடுத்து, வண்டியை விழுப்புரம் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் இறங்கி, லேடீஸ் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.