அளவு ஜாக்கெட்

மூன்றாவது கொக்கி மாட்டவில்லை. நர்மதா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். பீரோக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். அரக்குப் பட்டு ஜாக்கெட் அக்குளைக் கவ்வியது.

'தின்னு தின்னு பெருத்துட்டேன்' என்று தன்னையே வைதுகொண்டாள். புருசன் போன பிறகு உடம்பு வைத்தால் ஊர் என்ன பேசும் என்று இரண்டு வருசமாக ராத்திரிச் சோற்றை விட்டவள் அவள். அப்படியும் முதலில் தன் உடம்பைத்தான் சந்தேகப்பட்டாள்.

நாளைச் சாயங்காலம் தம்பி மதியழகனுக்கு இணைச்சீர். மாப்பிள்ளையோடு பிறந்தவள் கல்யாணப் பெண்ணைப் போல உடுத்தி அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை அவள். அவனுக்கு ஒரே அக்கா நர்மதா. பத்தாவதோடு நின்று நூல் மில்லுக்குப் போய் அவனை இன்ஜினியர் ஆக்கியவள்.

ஜாக்கெட்டைக் கழற்றி மஞ்சப்பைக்குள் வைக்கப்போனாள். அடியில் இன்னொரு ஜாக்கெட் கிடந்தது. ஆட்டையாம்பட்டி தையல்காரருக்கு அளவுக்குக் கொடுத்தது. ஊதா நிறம், பச்சைக் கரை. சித்தப்பா மகள் தேவிப்ரியா போன காதுகுத்துக்குப் போட்டு வந்தது.

நர்மதா பீரோவைத் திறந்தாள். தையல்காரரிடம் சேர்க்கச் சொல்லி அம்மாவிடம் தான் கொடுத்திருந்த அளவு ஜாக்கெட், அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் மடித்தது மடித்தபடி இருந்தது.

கதவு தட்டும் சத்தம். அம்மா முத்தாயம்மாள் உள்ளே வந்தாள். மகள் கையில் இருந்த ஊதா ஜாக்கெட்டைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தேவி நிக்கட்டும் சாமி. பொண்ணூட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லலே. ஆனா ஒறம்பரை சனத்தோட வாய் சும்மா இருக்குமா? நாளைக்கு வாரவளுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட உன்ற பேருதான் அடிபடும்."

"தம்பிக்குத் தெரியுங்களாம்மா?"

"எங்கக்கா இல்லாம சீரே வேண்டாம்னு குதிப்பானே. நீயே சொல்லிப்போடு, எனக்கு இஷ்டமில்லேன்னு. உன்ற வாயால வந்துட்டா யாருக்கும் சங்கடமில்லே பாரு. நீ பந்தியக் கவனிச்சுக்க."

முத்தாயம்மாளும் தாலியறுத்தவள்தான். ஊர்க் கல்யாணங்களில் சமையல்கட்டைத் தாண்டி வராதவள். ஊர் தனக்குச் செய்ததைத் தன் மகளுக்குச் செய்யும்போது அதற்கு அக்கறை என்று பேர் வைத்துக்கொண்டாள்.

நர்மதாவுக்கும் ஒதுங்குவது புதிதில்லை. ரிக் வண்டியில் போர் போடப் போன புருசன் கர்நாடகாவில் கரண்டு கம்பி பட்டுச் செத்தான். அதிலிருந்து எந்த வீட்டு வாசலில் வண்டி கிளம்பினாலும் அவள் சந்துக்குள் போய் நின்றுகொள்வாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் முகம் சுளிக்கும் முன்பே ஒதுங்கப் பழகியிருந்தாள்.

ஆனால் தம்பி குதிப்பான் என்று அம்மா சொன்னாளே. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்குப் போனாள். பந்தல்காரர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தவனைத் தண்ணித் தொட்டி ஓரமாகக் கூப்பிட்டாள்.

"எனக்குச் சீர்ல நிக்க இஷ்டமில்லே தம்பி. தேவியே நிக்கட்டும்."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மதியழகன் பெருமூச்சு விட்டான்.

"எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா நானே முழிச்சுட்டு இருந்தேன்க்கா. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. ஆனா நாலு பேரு பேசுவாங்கல்ல. நல்லவேளை நீங்களே சொல்லிட்டீங்க." போன் அடித்தது. சிரித்த முகமாக எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

நர்மதா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை பேரும் ஒரே மாதிரி நினைத்தால் அது பொய்யாகவா இருக்கும்? பெற்ற அம்மாவும் தான் வளர்த்த தம்பியும்கூடவா? காட்டுக் கிணறு நினைவுக்கு வந்தது. கல்யாண நேரத்தில் செத்தாலும் 'போறப்பவும் கெடுத்துட்டுப் போனா' என்றுதான் சொல்வார்கள். சாவதற்குக்கூட ஊர் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் மண்டபத்தின் மேடையில் மேளம் கொட்டியது. அரக்கு ஜாக்கெட் தேவிப்ரியாவுக்குக் கச்சிதமாக இருந்தது. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நர்மதா சாம்பார் வாளியோடு நின்றாள். முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா குஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"நீயா வேண்டாம்னு ஒதுங்கிட்டயாமா கண்ணு. உங்கம்மா சொன்னா. எத்தன பெரிய மனசு உனக்கு. இந்தக் காலத்துப் புள்ளைக உன்னையப் பாத்துக் கத்துக்கோணும்."

விசேச வீட்டில் அவள் கையை யாரும் தொட்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. நர்மதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பக்கத்து இலைக்காரி ஆமாம் என்று தலையாட்டியபோது இன்னும் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிதான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் இரண்டு பேர் இப்படிப் புகழ்ந்தால் இந்தப் பொய்யை அவளே நம்பிவிடுவாள்.

"நான் வேண்டாம்னு சொல்லலீங்க பெரிம்மா," என்றாள். "சொல்லச் சொன்னாங்க. எனக்கு நிக்கோணும்னுதான் ஆசைங்க."

குஞ்சம்மாளின் கை விலகியது.

"என்னவாமா?" என்றாள் பக்கத்து இலைக்காரி, காதில் விழுந்ததை நம்பாமல். நர்மதா அந்த இலைக்குச் சாம்பாரை ஊற்றிவிட்டு அதையே சொன்னாள். அதற்கடுத்த இலையிலும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. பந்தியில் பேச்சு ஒவ்வொரு இலையாக அடங்கிக்கொண்டு வந்தது.

முத்தாயம்மாள் ஓடி வந்து முழங்கையைப் பற்றினாள். "வாய மூடு சாமி. மானம் போகுது."

"என்ற வாயாலதான வரோணும்னீங்க," என்றாள் நர்மதா.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.