இருமாத வீடு

மகளின் முன்கையில் முந்தாநாள் சோதனை ஊசி போட்ட இடம் தடித்திருந்தது. டொக்டர் ஷபீகா அதை அடிமட்டம் வைத்து அளக்கும்போது நான் என் மனுஷனின் காலை மிதித்துக்கொண்டு நின்றேன். அவர் இருமக்கூடாது. வாசலில் வீட்டுக்காரி பிறிஜெற் அக்கா கைகட்டி நின்றார். "அந்த இருமல் வருத்தம் உள்ள ஆள் என் வீட்டுல இருந்தா இன்னைக்கே சாமானைத் தூக்கணும்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். கொட்டாஞ்சேனையில் பதினொரு வீட்டுக்காரர் 'வடக்கு ஆக்கள் எண்டா பொலிஸ் கரைச்சல்' என்று கதவைச் சாத்திய பிறகு கிடைத்த அறை இது. இதையும் விட்டால் தெருதான்.

சின்ன வயதில் போட்ட காசநோய்த் தடுப்பூசி பிள்ளைகளின் நுரையீரலை எவ்வளவு காலம் காக்கிறது என்று ஆராய்ச்சியாம். ஒரு பிஸ்கற் பெட்டிக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்து வைத்த மடைச்சி நான்தான்.

"பதினேழு மில்லிமீற்றர்" என்றார் டொக்டர். "பயப்பட வாணாம். புள்ளைக்கு நோய் இல்ல. கிருமி உள்ள பெய்த்திருக்கு, உடம்பு புடிச்சு வச்சிருக்கு. ஆனா பெரியாக்கள்ட்ட இருந்துதான் வந்திருக்கும். ஊட்டுல ஆருக்கு இருமல்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

மனுஷனின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அது சிகரெட் இருமல்தான், ஆனால் அதை யார் நம்புவார்கள்? கடைசியில் அவர் இருமலாய் வெடித்தார்.

"நான் சொல்லல்ல?" என்று பிறிஜெற் அக்கா வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. இருமல் நிற்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தூசி... லொறித் தூசி..."

"எவ்வளவு நாளா?" டொக்டர் பேனாவை எடுத்தார்.

"கனநாள்" என்றாள் என் மகள். "அன்ரியின்ர மடியில இருக்கேக்க அவ இருமினா ஊஞ்சல் ஆடுற மாதிரி இருக்கும்."

ஆளுக்கொரு போத்தல் தந்தார்கள், சளி துப்ப. அடுத்த கிழமை முடிவு வந்தது. என் மனுஷனுக்கு ஒன்றுமில்லை.

அன்று பின்னேரம் பிறிஜெற் அக்கா எங்கள் அறை வாசலுக்கு வந்தார். சேலைத் தலைப்பு வாயில். உள்ளே வரவில்லை.

"ஆறு மாசம் குளிசை விழுங்கணுமாம். நீங்க போயிருவீங்களா, நாகேஸ்வரி?"

ஒரு கிழமையாக நான் பாடமாக்கி வைத்திருந்த சூடான பேச்செல்லாம் எங்கே போனதோ. எனக்கு அழுகைதான் வந்தது.

அதற்குள் மகள் அவர் மடியைத் தேடி ஓடினாள். "வராத, வராத!" என்று அவர் பின்வாங்கினார். பிள்ளை அதை விளையாட்டென்று நினைத்துத் துரத்தினாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி, வாயைப் பொத்தியபடி, அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரி ஓடிக்கொண்டிருந்தார்.