மழை அளவு: இல்லை

அந்த அழைப்பிதழ் மேசைக்கு வந்தபோது அவள் ஒரு ராஜாவைச் சாகடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாகவேண்டிய ராஜா. பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில், குறுக்கெழுத்துக்குக் கீழே, 'அன்று இதே நாள்' என்று ஒரு பெட்டி வரும். ஐந்து வரி. யார் பிறந்தார், யார் போனார், எந்தப் பாலத்தை எவர் திறந்தார். பத்தொன்பது வருஷமாக அதை எழுதுவது அவள்தான். வாசலில் இருக்கும் காவலாளியிலிருந்து ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவள் தேதியக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பிழைத்திருந்தது.

தடித்த அட்டை. ஊரின் பெரிய காண்ட்ராக்டர் புதிதாகக் கட்டியிருக்கும் அரங்கத்தைத் திறக்கிறாராம். அன்றைக்கு மூன்றாம் பக்கம் முழுக்க அவர் விளம்பரம் என்று விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு குறிப்பையும் குத்தி அனுப்பியிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் முதலில் படத்தைப் பார்த்திருப்பார்கள். அவளுக்குத் தொழில் புத்தி, தேதியைப் பார்த்தாள். பார்த்ததும் ராஜாவைப் பாதி உயிரோடு விட்டுவிட்டாள்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதே தேதியில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, தளத்தைப் பிளந்துகொண்டு மூன்றாம் மாடிக்குள் விழுந்தது. ஆறு பேர் போனார்கள். அதில் ஒருத்தி அவள் தங்கை. தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்து வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் கடைசிக் கட்டில், நேர் தொட்டிக்கு அடியில். மேலேயிருந்து தலையணையில் சொட்டுகிறது, கேட்டால் சிமெண்ட்டைப் பூசிவிட்டுப் போகிறார்கள், நாலு நாளில் மறுபடியும் சொட்டுகிறது என்று போனில் புலம்பினாள். "ஒரு பக்கெட்ட வெச்சுக்கோடி, அதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று இவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து முப்பத்தொரு வருஷமாகத் தன்னையே சபித்துக்கொண்டிருக்கிறாள். தன்னைச் சபித்தது போக மிச்சமிருந்ததெல்லாம் அந்தத் தொட்டியைக் கட்டிய இந்தக் காண்ட்ராக்டருக்குத்தான்.

மறுநாள் இதே பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது: 'பலத்த மழையால் விடுதித் தொட்டி இடிந்து ஆறு பெண்கள் பலி.' விசாரணை அந்த 'மழையால்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறியது. வானம் செய்த காரியம், மனிதர் மேல் குற்றமில்லை என்று கோப்பைக் கட்டி மூடிவிட்டார்கள். மழையா? நாலு மாதமாக வானத்திலிருந்து ஒரு பொட்டுகூட விழவில்லை. அன்றைக்குத்தான் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை முதல்முறையாக விளிம்பு வரை ரொப்பினார்கள். இதை அவள் சொல்லாத ஆள் கிடையாது. அச்சில் வந்ததை விட்டுவிட்டு அழுகிற பெண்பிள்ளை பேச்சை யார் கேட்பார்கள்?

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பழைய இதழ்கள் இருக்கும் அறைக்குப் போய் அந்த இதழை எடுத்துப் பார்த்தாள். முதல் பக்கத்தில் பலத்த மழை. எட்டாம் பக்கத்தின் மூலையில், கட்டைவிரல் அளவு வானிலைப் பெட்டி. 'நேற்றைய மழை அளவு: இல்லை.' முதல் பக்கத்தில் பொய் எழுதியவனுக்கு எட்டாம் பக்கத்தை அழிக்கத் தோன்றவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து அந்த நாலு சொல்லையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது தடவை அந்தத் தேதி வந்தது. பத்தொன்பது தடவையும் அவள் ஒரு விஞ்ஞானியைப் பிறக்கவைத்து, ஒரு ரயிலை ஓடவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா படுக்கையில் கிடந்தாள், வேலை போனால் அவளுக்கு நாதியில்லை. பயம்தான், வேறென்ன. இப்போது அம்மாவும் இல்லை. அந்த ஆள் வேறு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்திருந்தால், இந்த ஒரு தேதிக்கு மட்டும் கூசி ஒதுங்கியிருந்தால், அவள் இன்னும் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அவருக்கு அந்தத் தேதி ஞாபகமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெட்டியை யாரும் சரிபார்ப்பதில்லை. செத்துப்போன சங்கதியில் என்ன பிழை வந்துவிடப்போகிறது என்று பிழைதிருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஆனால் அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் பலர். பள்ளிக்கூடக் கரும்பலகையில் அதுதான், வானொலியில் அதுதான். எல்லோருக்கும் மேல், மைக்கு என்று ஊர் கூப்பிடும் ஆள். ஊரில் எந்த விழா என்றாலும் தொகுத்துப் பேசுகிறவர். மேடையேறியதும் அன்றைய பெட்டியை அப்படியே வாசித்துவிட்டு, 'இப்படிப்பட்ட பொன்னாளில்' என்று ஒரு போடு போடுவார். கைதட்டல் அள்ளும். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. மேடைப்படி ஏறும்போதுதான் பத்திரிகையைப் பிரிப்பார். அழைப்பிதழில் நன்றியுரைக்கு மேலே அவர் பெயர் இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் ஐந்து வரியையும் பக்கம் அமைக்கிறவருக்கு அனுப்பினாள். வரி நீண்டால் ஈவிரக்கமில்லாமல் வெட்டுவதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். கொஞ்ச நேரத்தில் கத்தரி எழுந்து வந்து அவள் மேசைப் பக்கத்தில் நின்றார்.

"நாலாவது வரி புதுசா இருக்கேக்கா."

"பழசுதான். முப்பத்தோரு வருஷப் பழசு."

"எதிர்ப் பக்கத்துல யாரு விளம்பரம்னு தெரியும்ல?"

"தெரியும்."

அவர் பழைய இதழின் நகலைக் கேட்டார். கொடுத்தாள். முதல் பக்கத்தைப் படித்தார், எட்டாம் பக்கத்தைப் படித்தார், மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். வரி நீளமாக இருக்கிறது, பெட்டியில் அடங்காது என்றார். அவர் தன் இடத்துக்குப் போய், பிறந்த விஞ்ஞானியை வெட்டி எறிந்துவிட்டு நாலாவது வரிக்கு இடம் பண்ணினார்.

சாயங்காலம் மைக்கு போன் செய்து, நாளைக்கு ஏதாவது விசேஷம் உண்டா என்று விசாரித்தார். காலையில் பேப்பரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல வரிகளாக இருக்கின்றன என்றாள். போனை வைத்ததும் கொஞ்சம் உறுத்தியது. அவருக்கு இரண்டு பெண்கள், இந்தப் பேச்சை வைத்துத்தான் அடுப்பெரிகிறது. பாவம்தான். இருக்கட்டும், என் தங்கைக்கு யார் பாவம் பார்த்தார்கள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

காலை பத்து மணிக்கு அவள் அரங்கத்தின் ஏழாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. விளம்பரத்தை எல்லோரும் பார்க்கவேண்டும் என்று காண்ட்ராக்டரே ஆயிரம் பிரதி வாங்கி நாற்காலிக்கு ஒன்றாகப் போட்டிருந்தார். ஜனங்கள் அதை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நடுநாயகமாக அவர். எழுபத்தைந்து தாண்டியும் தோள் சரியாத உடம்பு, காதுதான் மந்தம் போலிருந்தது. பக்கத்தில் அவர் மகள், யார் என்ன சொன்னாலும் குனிந்து அவர் காதில் திருப்பிச் சொன்னாள்.

மைக்கு பத்திரிகையைப் பிரித்தார். "அன்று இதே நாள்!" என்று குரலை ஏற்றினார். முதல் வரியில் ஒரு நாடு விடுதலை அடைந்தது. கைதட்டல். இரண்டாம் வரியில் ஒரு விமானம் கடலைத் தாண்டியது. கைதட்டல். மூன்றாம் வரியில் ஒருவர் மலையேறினார். அதற்கும் தட்டினார்கள். அதே ஏற்றத்தோடு மைக்கு நாலாம் வரிக்குள் கால் வைத்தார்.

"முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், இந்நகரப் பெண்கள் விடுதியின் தண்ணீர்த் தொட்டி விழுந்து ஆறு பேர் இறந்தனர். மழையால் விழுந்தது என்று இந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் எழுதியது. அன்றைய மழை அளவு: இல்லை என்று அதே இதழ் எட்டாம் பக்கத்தில் எழுதியது. தொட்டியைக் கட்டியவர்..."

அங்கே அவர் குரல் தடுக்கியது. ஆனால் வாசித்து வாசித்துப் பழகிய நாக்கு, நிறுத்தத் தெரியாமல் முடித்தே விட்டது. "...இன்று ஓர் அரங்கம் திறக்கிறார்."

அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் ஒரே ஒருவர் மட்டும் கைதட்டினார். காண்ட்ராக்டர். மூன்று வரிக்குத் தட்டியதுபோலவே நாலாவதற்கும், முகமெல்லாம் சிரிப்பாக, நிதானமாகத் தட்டினார். அந்த முகம் சுண்டிப்போவதைப் பார்க்கத்தான் தேதியக்கா வந்திருந்தாள். இப்படி ஒன்றை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மகள் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அவர் விடாமல், என்ன சொன்னான் என்று கேட்டார். எதிரிலிருந்த ஒலிவாங்கியில் அது எல்லோருக்கும் கேட்டது. மகள் குனிந்தாள். அவளும் ஒலிவாங்கிக்கு வெகு அருகில்தான் இருந்தாள்.

"நீங்க கட்டுன தொட்டி விழுந்துச்சுல்லப்பா, மழையே இல்லாம. அதச் சொல்றாங்க."

மடியில் குழந்தையோடு மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெண் மெல்லத் தலையைத் தூக்கி மேலே கூரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். பிறகு அந்த வரிசை, பிறகு பின்வரிசை. கையிலிருந்த பத்திரிகை விசிறிகள் நின்றன. எங்கேயோ ஒரு நாற்காலி பின்னால் இழுபட்டது. மேடையில் காண்ட்ராக்டர், எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல், தானும் அண்ணாந்து பார்த்தார்.