ஏழு நீலத் துண்டுகள்

என் வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலையில் இருந்தார். எனக்கு ஒன்றுபோலவே தெரியும் ஏழு நீலத் துண்டுகளைப் போட்டால், ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பிய மாதிரியோடு சேர்வது எது என்று கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுவார். இரட்டை ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட ஆரம்பித்தவர், ஆறு வருஷம் அதை விடவில்லை. கடைசியில் தப்பான நீலத்தைச் சரி என்று அனுப்பி, ஒரு லாரித் துணி திரும்பி வந்தது. வேலை போனது.

மாத்திரையை விட்டு எட்டு மாதம் ஆகிறது, இன்னும் அவருக்கு ஷேடு பிரித்துத் தெரியவில்லை. "கண்ணுல ஒண்ணுமில்லீங்க. கண்ணு பாக்கறத மூளைதான் பிரிச்சுச் சொல்லோணும், அதுதான் அடிபட்டிருக்குது. சரியானாலும் ஆகும், ஆகாமயும் போகும்" என்றார் டாக்டர். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த மனுஷனை மீட்க நான் பட்ட பாடு போதாதா?

மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை வந்து சரியாக எடுத்துக் காட்டினால் மறுபடி சேர்த்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். நான் பக்கத்து ஊரான மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து ஒரு மாதிரியும் ஏழு நீலத் துண்டுகளும் வாங்கிவந்து, எது சரி என்று அங்கேயே கேட்டுப் பின்பக்கம் குறித்துவைத்து, தினமும் சாயங்காலம் பழக்கினேன். முதல் வாரம் எல்லாமே தப்பு. பிறகு எல்லாமே சரி. ஒவ்வொரு துண்டாக எடுப்பார், என் முகத்தைப் பார்ப்பார். ஆறு வருஷமாக என்னை ஏறிட்டும் பார்க்காத மனுஷன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே பூ வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பழக்கிக்கொண்டிருந்த நடுவில் பால் பொங்கிவிட்டது. எழுந்துபோய் அடுப்பை அணைத்தபடியே, "எதுன்னு எடுத்துட்டீங்களா?" என்றேன். துண்டுகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க?"

"நீ இந்தப் பக்கம் திரும்பு, அம்முணி. உன்ற மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குத் தெரியுது."

"துணியப் பாத்தாத் தெரியலீங்களா?"

"எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குது."

திரும்பினேன். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். என்னைப் பார்த்தார். அதையும் வைத்தார். இப்படியே ஏழையும் எடுத்து முடித்தார். சரியான துண்டும் அதில்தான் இருந்தது. அதை எடுத்தபோதும் நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் அதையும் வைத்துவிட்டார்.