தாக் கழற்றாத தொப்பி

ஓய்வு பெற்ற பேஸ்பால்காரர்களில் தாக் கி-உங் போன்ற பிடிவாதக்காரர் கொரியாவின் மாசான் நகரத்திலேயே இல்லை என்று சொன்னால், அந்த ஊர்க்காரர்கள் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இடக்கையால் அவர் வீசிய பந்துகளை ஊர் பாதி மறந்துவிட்டது. ஒரு தூறல் நாளில் அவர் கழற்றாமல் விட்ட தொப்பியை மட்டும் மறக்கவில்லை.

வீசுபவனின் பந்து மட்டையாளன் மேல் பட்டுவிட்டால் தொப்பியைக் கழற்றித் தலை குனிய வேண்டும். மட்டையாளன் மூத்தவன் என்றால் இடுப்பு வரை குனிய வேண்டும். அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பையன்கள்கூட இதில் தவற மாட்டார்கள். அன்று தாக் தவறினார். எதிரணியில் மட்டையாளனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர் யோம் சாங்-தோ, தன் முறைக்கு மட்டையோடு வந்து, அதைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெல்லத் தட்டப் பார்த்தான். பந்து உள்ளே நழுவி வந்து அவனுடைய வலது ஆள்காட்டி விரலை மட்டையோடு சேர்த்து நசுக்கியது. மைதானமே காத்திருந்தது. தாக் பந்து வீசும் மேட்டின் மேல் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள். யோம் பிப்ரவரியில், தாக் ஏப்ரலில். அங்கே பள்ளி மார்ச்சில் தொடங்கும்; பிப்ரவரிப் பிள்ளை என்பதால் யோமை ஒரு வருடம் முன்னதாகவே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஒரே பள்ளி அணியில் அவன் ஒரு வகுப்பு மேலே. "அண்ணேன்னு கூப்புடுடா" என்பான் யோம். "ரெண்டு மாசத்துக்கு ஒரு அண்ணனா? போடா டேய்" என்பான் தாக். சொல்லிவிட்டு இருவரும் ஒரே சட்டியில் நூடுல்ஸ் தின்பார்கள். மேட்டில் நின்றபோது தாக்கின் மண்டையில் ஓடியது இந்தப் பழைய வம்புதான். கழற்றினால் இவன் அண்ணனாகிவிடுவானே! மனிதனுக்குப் புத்தி எந்த நேரத்தில் புல் மேயப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

விரல் கோணலாகத்தான் கூடியது. கேட்சரின் எறி ஆள்காட்டி விரலில்தான் இருக்கிறது. யோமின் எறி திசை தப்பியது. கேட்சர் அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடப் பார்க்கும் எதிரணிக்காரர்கள் அவனைப் பார்த்தாலே குஷியானார்கள். அதிக நாள் தாங்காமல் அவன் கவசத்தைக் கழற்றிவிட்டான்.

விதிக்குக் கேலி அதிகம். இருவரும் ஒரே அணிக்குப் பயிற்சியாளர்களாக வந்து சேர்ந்தார்கள். தாக் வீசுபவர்களுக்கு, யோம் கேட்சர்களுக்கு. ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் அணியின் மசாஜ்காரர் மெங் ஹோ.

"மெங், அந்தக் கிழட்டுத் தவளைகிட்ட சொல்லு, பையனுக்குத் தோள் வலிக்குதாம், கேட்சர் வளைவுப் பந்துக்குச் சைகை காட்ட வேணாம்னு" என்பார் தாக்.

"கோச், அவரு இங்கதானே இருக்காரு. காதுல விழுந்திருக்கும்."

"விழுந்தா விழட்டும். நீ சொல்லு."

இந்த லட்சணத்தில் அவர்கள் நல்ல நல்ல வீசுபவர்களை உருவாக்கினார்கள், ஒரு முறை கோப்பையும் வென்றார்கள். அந்தப் புகைப்படத்திலும் நடுவில் மெங்தான் நிற்கிறார்.

யோம் முதலில் விலகி மீன் குழம்புக் கடை வைத்தார். போன இலையுதிர் காலத்தில் தாக்கையும் அணி வீட்டுக்கு அனுப்பியது. இப்போது பழைய மைதானத்தை இடிக்கப் போகிறார்கள். கடைசி ஆட்டத்தின் முதல் பந்தைச் சம்பிரதாயத்துக்கு வீசித் தரத் தாக்கைக் கூப்பிட்டார்கள். "யோம் குந்திப் பிடிச்சா வர்றேன். இல்லேன்னா ஆள விடுங்க" என்றார் தாக். வீட்டில் யாரோடும் பேசாத மனுஷன் குளியலறைக் கண்ணாடி முன் நின்று 'அண்ணே' என்று சொல்லிப் பழகினார். இந்தப் பகையோடு சாக அவருக்கு விருப்பமில்லை. இன்று விட்டால் இன்னொரு மைதானமும் இல்லை.

ஆட்ட நாள் மதியம் பார்வையாளர் படிகளுக்குக் கீழே யோம் வந்து நின்றார். கவசத்தின் மேலும் குழம்பு வாசனை. மெங் பழக்கதோஷத்தில் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"மெங், என்னை எதுக்குக் கூப்பிட்டான்னு கேளு."

தாக்கும் மெங்கைப் பார்த்தே சொன்னார். "சரி, அவன்தான் பெரியவன்னு ஒத்துக்கறேன்னு சொல்லு."

யோம் மெங்கைக் கையால் ஒதுக்கிவிட்டு நேராக வந்தார். "இத்தனை வருஷமா அதையாடா நெனச்சிட்டிருந்தே? அண்ணனாவது ஆட்டுக்குட்டியாவது! தொப்பியக் கழட்டுனா 'கை நழுவிடுச்சு'ன்னு அர்த்தம். கழட்டலேன்னா? வேணும்னே அடிச்சேன்னுதானே அர்த்தம்? விரல் போனதுக்கு நான் அழல. ஒரே சட்டியில தின்னவன் வேணும்னே என் கையை உடைச்சானான்னு தெரியாமத்தான்டா எனக்குத் தூக்கம் போச்சு."

ஈரப் பந்து விரலை விட்டுப் போனபோதே அது கை தவறியதுதான் என்று தாக்குக்குத் தெரியும். தெரிந்தது தனக்கு மட்டும்தான் என்பது ஒரு நாளும் உறைக்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஒலிபெருக்கி இருவர் பெயரையும் கூப்பிட்டது. யோம் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலுக்குள் நடந்துவிட்டார்.

தாக் வீசினார். தோளில் என்ன மிச்சம் இருந்ததோ, பந்து சோம்பேறித்தனமாக மிதந்து போய் யோமின் கையுறையில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. கையசைக்க வேண்டிய நேரத்தில் தாக் தொப்பியைக் கழற்றி, யோம் இருந்த பக்கம் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ரசிகர்களுக்கு நன்றி சொல்கிறார் என்று ஒலிபெருக்கி உளறியது. உளறட்டும்.

யோம் எழுந்தார். பந்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அவரோ கோணல் விரலைப் பந்தின் தையலில் வைத்து எறிந்தார். அது வழக்கம்போல் திசை தப்பித் தாக்கின் முழங்கால் எலும்பில் 'ணங்' என்று பட்டது. தாக் ஒற்றைக் காலில் குதித்தார். கூட்டம் 'ஐயோ' என்றது.

யோம் முகக்கவசத்தை உயர்த்தினார். அடியில் திருப்பிப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றினார். மூத்தவர், இளையவர் முன் இடுப்பு வரை குனிந்தார். மெங் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே புரியவில்லை.

தாக் காலைத் தேய்த்தபடியே நொண்டி நொண்டி அவரிடம் போனார்.

"கை நழுவிடுச்சாண்ணே?"

"ஆமாடா. நழுவிடுச்சு."

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தாண்ணே."