பரணில் ஏறிய தர்பூசணி

திருவிழா அன்று காலையில் ரங்கன் பரணிலிருந்து இறக்கிய முதல் தர்பூசணி அவன் கையிலேயே டப்பென்று வெடித்தது. நுரைத்த புளித்தண்ணீர் மூஞ்சியெல்லாம் தெறித்து, புது வேட்டியை நனைத்தது. இரண்டாவதைப் பிடித்தான், விரல் உள்ளே போய்விட்டது. மூன்றாவதைத் தொடவே தேவையில்லை. நாற்றமே சொல்லிவிட்டது.

தங்கச்சியின் பிரசவத்துக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து அப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்த கெங்கம்மாள், பையைக் கீழே போட்டாள்.

"அட பாவி மனுசா! அடுப்புக்கு மேலயா கொண்டு போய் வச்ச?"

"பூசணிக்காயை வேற எங்க வப்பாங்க? பொகை பட்டா தை வரிக்கும் கெடாதேன்னு வச்சேன்."

அவனைத் திட்டியும் பிரயோசனமில்லை. ஜவ்வாது மலையில் எந்த வீட்டிலும் பூசணிக்காய்க்குப் பரண்தான் இடம். புகை குடித்துக் குடித்து, அடுத்த அறுவடை வரைக்கும் கல்லு மாதிரி கிடக்கும். பெண்டாட்டி ஊரில் இல்லாத நேரத்தில் அவள் ஆசையாக வளர்த்ததைப் பறித்துப் பத்திரப்படுத்துவோம் என்று நினைத்தான், அவ்வளவுதான். தர்பூசணி என்ற ஒன்றை அந்தப் பன்னிரண்டு வீட்டு ஊரில் கெங்கம்மாளைத் தவிர ஒருவரும் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை.

அவளும் ஒரே ஒரு தடவைதான் கண்டாள். போன வருஷக் கோடையில் புளி மூட்டையோடு ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்கியபோது, புளி வாங்க வந்த வாணியம்பாடி வியாபாரி நசீர் ஒரு கீற்று அறுத்துக் கொடுத்தார். அந்த வெயிலில் அடிவயிறு வரைக்கும் குளிர்ந்து போயிற்று அவளுக்கு. விதையைத் துப்பாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். நசீர் சிரித்துவிட்டு, "மணல்ல போடும்மா, நல்லா வரும். பறிச்சதை நெழல்ல, ஈர மணல் மேல வை. சூடு ஆவாது அதுக்கு. அறுத்தா அன்னிக்கே துன்னுடணும். ஒடம்புச் சூடு, நீர்க்கடுப்பு எல்லாம் பறந்துடும்" என்றார்.

ஊருக்குக் கீழே ஓடைப் படுகையில் குழி தோண்டி, எரு போட்டு, முள்வேலி கட்டினாள். படுகை ஊருக்குப் பொது, மாடு படுக்கிற இடம். அங்கே வேலி போட்டால் அவளுடைய ஓரகத்தி பெரியம்மாள் சும்மா இருப்பாளா? நேரே ஊர்க்கவுண்டர் அருணகிரியிடம் போய்விட்டாள். அவர் தீர்ப்பு சொன்னார்: "திருவிழா அன்னிக்குச் சாமிக்குப் படைச்சி ஊருக்குக் குடு. ஊர் துன்னா படுகை உனுக்கு. இல்லன்னா முள்ளை எடுத்துட்டு மாட்டை வுட்டுடணும்."

இப்போது பரணில் இருந்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. கோயிலில் மேளம் கேட்கத் தொடங்கிவிட்டது.

கெங்கம்மாளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பிந்திக் காய்த்த ஒன்று! நரி கண்ணில் படாமலிருக்க மணலைக் குவித்து மூடிவிட்டுப் போயிருந்தாள். ஓடினாள். மணலைத் தள்ளினாள். இருந்தது! காம்பருகே சுருள்கொடி காய்ந்திருந்தது. புரட்டினாள், அடிப்பக்கம் மஞ்சள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் தட்டினாள். பிஞ்சாக இருந்தால் கணீரென்று கேட்கும் என்று நசீர் சொல்லியிருந்தார். இது தொம் என்றது. அவளுக்கு அங்கேயே ஆட வேண்டும்போல இருந்தது. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மேடேறினாள்.

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. கற்பூரம் காட்டினார்கள். அருணகிரி கத்தியை வைத்து அழுத்தியதும் காய் சடசடவென்று தானே பிளந்தது. உள்ளே செக்கச்செவேல்!

கூட்டம் நாலடி பின்னால் போயிற்று.

"ஐயோ, குங்குமம்!" என்று பெரியம்மாள் அலறினாள். "திருஷ்டி கழிச்ச காயைச் சாமி முன்னால கொண்டாந்துட்டாளே!"

திருஷ்டி கழிக்கும் பூசணிக்காயில்தான் குங்குமம் கொட்டி உடைப்பார்கள். அதைத் தின்பது இருக்கட்டும், தாண்டக்கூட மாட்டார்கள். வெள்ளையும் மஞ்சளுமாகவே காயின் உட்புறத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்தச் சிவப்பு வேறு எதுவாகத் தெரியும்? உள்ளே சிவப்பாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல கெங்கம்மாளுக்கும் தோன்றவில்லை.

அருணகிரி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். படுகை கையை விட்டுப் போகிறது! கெங்கம்மாள் முன்னால் வந்து, ஒரு கீற்றை அறுத்து எல்லார் கண்ணெதிரிலும் கடித்தாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.

"குங்குமம் இனிக்குமாங்க? துன்னு பார்த்துட்டுச் சொல்லுங்க!"

ஒருவரும் அசையவில்லை. இவள் எப்போது மயங்கி விழுவாள் என்று பார்ப்பதுபோல நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரங்கன் வந்தான், வேட்டியில் புளித்த நாற்றத்தோடு. பெண்டாட்டி கையிலிருந்த மிச்சக் கீற்றைப் பிடுங்கி, விதையோடு கடித்தான். கண் விரிந்தது.

"யோவ் கவுண்டரே! தண்ணியை யாரோ வெல்லத்துல ஊற வச்சிக்கிறாங்க!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அருணகிரி ஒரு துண்டைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, இன்னொன்றை வாயில் போட்டார். மென்றார். மறுபடி கை நீண்டது. அதற்குப் பிறகு யார் யாரைத் தடுக்க முடியும்? பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு விரல் அகலம்தான் வந்தது. தோலைக்கூட விடாமல் உறிஞ்சினார்கள். "தோலை எறியாதீங்க, கூட்டு வைக்கலாம்!" என்று கெங்கம்மாள் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

"ஊர் துன்னுடுச்சி. படுகை கெங்கம்மாளுக்கு" என்று அருணகிரி மீசையைத் துடைத்தார். அப்போதுதான் பெரியம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் நிற்பதைக் கவனித்தார். பிறந்ததிலிருந்து வாய் மூடாதவள். கன்னம் வேறு உப்பியிருந்தது.

"இன்னாம்மா, வாயில இன்னா?"

பெரியம்மாள் தலையை ஆட்டினாள். அவர் விடவில்லை. கடைசியில் உள்ளங்கையில் துப்பினாள். கன்னங்கரேலென்று பதினோரு விதை.

கெங்கம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தக் கையை அப்படியே பொத்தி மூடினாள்.

"பத்திரமா வை அக்கா. தை மாசம் எனுக்குப் பக்கத்துலயே குழி தோண்டு. ஆனா பறிச்சதும் பரண்ல மட்டும் வச்சிடாதே."